பெர்த் பையனை விற்ற பட்டிமன்றம்

அக்கா தோசைக் கரண்டியால் எவர்சில்வர் டம்ளரை டங்கென்று தட்டியபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது.

"நேரம் முடிஞ்சிச்சு லா. ரெண்டு பேரும் உக்காருங்க. தோசை ஆறுது."

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் அண்ணாவின் வீட்டுச் சமையலறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அண்ணாவும் நின்றுகொண்டே கத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் ஆதரிக்கிற ஆஸ்திரேலிய ஃபுட்டி அணியின் வயதான முன்கள வீரரை இந்த வருஷக் கடைசியில் வேறு அணிக்குக் கொடுத்துவிடலாமா, இல்லை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாமா என்பது பிரச்சினை. அண்ணா கையில் சம்பல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "அந்தாளைக் குடுத்தால் கோல் அடிக்க ஆர் இருக்கினம்? நீரோ?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டம்ளர் டங்கென்றது. இருவரும் சட்டென்று அடங்கி உட்கார்ந்தோம்.

எனக்கு அப்படியே பொங்கல் காலை டிவி நினைவுக்கு வந்தது. மேடையில் இரண்டு அணி, நடுவில் நடுவர், நேரம் முடிந்தால் மணி.

"அக்கா! இது பட்டிமன்றம்! நீங்கதான் நடுவர்! இதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டா என்ன?"

"முதல்ல சாப்புடு," என்றார் அக்கா.

அண்ணா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் மெல்பர்னுக்குப் போய், மனைவியின் வேலைக்காக ஆக்லாந்து வந்து சேர்ந்த மின்பொறியாளர். அக்கா மலேசியாக்காரர், ஈப்போ. மருத்துவமனையில் நர்ஸ். ஆக்லாந்திலேயே ஒனிஹங்கா பகுதியில் ஒரு பழைய மர வீட்டை அவரும் நானும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் திருச்சியிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் தரவு அலசுகிற வேலையில் உட்கார்ந்தவள். உட்கார்ந்தவள் என்பது பேச்சுக்கு. எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது.

ஆக்லாந்து ரக்பி ஊர். இங்கே ஆஸ்திரேலிய ஃபுட்டி பார்க்கிறேன் என்றால் ஆபீஸில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தது அண்ணாதான். ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிடப் போனபோது டிவியில் ஆட்டம் ஓடியது. முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பந்தைப் பிடிக்கிறார்கள். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வாரம் நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் ஆட்டத்தை விட எனக்குப் பிடித்தது ஆட்டம் முடிந்த பிறகு வருகிற அக்டோபர். அப்போதுதான் ட்ரேட் நடக்கும். அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும். அடுத்த மாதம் டிராஃப்ட். பள்ளி முடித்து வருகிற பையன்களை அணிகள் முறை போட்டுத் தேர்ந்தெடுக்கும். அட்டவணையில் கடைசியில் இருக்கிற அணிக்கு முதல் முறை. அந்த முறைக்குத்தான் 'பிக்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த முறையையே ட்ரேடில் கொடுத்து வாங்கலாம். 'என் ஆளை எடுத்துக்கொள், உன் ஒன்பதாவது பிக்கைக் கொடு' என்று பேரம். கண் முன்னால் ஓடுகிற ஒரு மனிதனைக் கொடுத்துவிட்டு, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு பையனை வாங்குவது. இதில் சண்டை வராமல் எப்படி இருக்கும்? "மாட்ச் ரெண்டரை மணித்தியாலம். ட்ரேட் கதை வருஷம் முழுக்க," என்பார் அண்ணா.

அன்று தோசை முடிந்ததும் திட்டம் போட்டோம். அண்ணாவின் சாப்பாட்டு மேசைதான் மேடை. ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் ஆட்டக்காரர். விற்கலாம் என்று ஒருவர், வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர். இதில் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே பாட்டத்தான் பாடுவீங்க. அண்ணன் யாரையும் விக்க மாட்டாரு, நீ எல்லாரையும் வித்துடுவே. சீட்டுப் போட்டு கட்சி பிரிக்கலாம்."

சீட்டுக்குக் காகிதம் தேடாமல், அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஓர் ஏலக்காயும் ஒரு கிராம்பும் எடுத்தார். இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டார். நான் ஒரு கையைத் தொட வேண்டும். ஏலக்காய் வந்தால் விற்கிற கட்சி, கிராம்பு வந்தால் வைத்துக்கொள்கிற கட்சி. வந்த கட்சிக்கு உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். பட்டிமன்றத்தில் 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இப்படித்தான் ஓடியது. பார்த்தவர்களில் பாதிப் பேர் மெல்பர்னிலும் டொரண்டோவிலும் இருக்கிற அண்ணாவின் சொந்தக்காரர்கள். மீதி என் காலேஜ் தோழிகள். அவர்களுக்கு ஃபுட்டி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும், 'அந்த அண்ணா பேசுறது செமயா இருக்குடி' என்று எழுதுவார்கள். எனக்குக் கொஞ்சம் எரியும்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். அண்ணாவின் தம்பி. வீட்டில் சின்னவன் என்பார்கள், எனக்குச் சின்னவர். அவர் மெல்பர்னில், நாங்கள் மூவரும் ஆதரிக்கிற அதே அணியில் வேலை செய்கிறார். ஆட்ட வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிற வேலை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அண்ணாவுக்கு அதில் இருந்த பெருமை சொல்லி முடியாது. "எங்கட வீட்டில எல்லாரும் கிடைச்ச வேலைக்குப் போனம். அவன் ஒருத்தன்தான் பிடிச்ச வேலைக்குப் போனவன்," என்று ஒருமுறை கார் ஓட்டிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம். சின்னவரிடம் அணியைப் பற்றி ஒரு சொல் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தை அண்ணா எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடித்தார் என்றால், தம்பியோடு வேறு எதையுமே பேச முடியாமல் போனது. போன் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"அங்க மழையோ?"

"ஓம்."

"சரி, வை."

செப்டம்பர் தொடக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு, எங்கள் அணியின் பெர்த் பையன். பள்ளி முடிந்ததும் டிராஃப்டில் எங்களுக்கு வந்தவன். மூன்றாவது வருஷம் ஆடிக்கொண்டிருந்தான். இடது காலால் அவன் பந்தை உதைத்தால் அது அஞ்சல்காரர் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆள் கையில் போய் நிற்கும். எனக்கு அவன்மேல் உயிர். அவன் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

அக்கா கைகளை நீட்டினார். நான் கிராம்பு வேண்டுமென்று வேண்டிக்கொண்டு வலது கையைத் தொட்டேன். ஏலக்காய்.

சரி, வந்தது வந்தாகிவிட்டது. எழுந்தேன்.

"நடுவர் அவர்களே! மேட்ச் முடிஞ்சதும் அந்தப் பையன் எங்க பாக்குறான்னு கவனிச்சிருக்கீங்களா? கூட்டத்துக்குள்ள அம்மாவைத் தேடுறான். அம்மா அங்க இல்ல. நாலு மணி நேர ஃப்ளைட்டு தூரத்துல பெர்த்துல இருக்காங்க! அவன் வீட்டுக்குப் போகப் போறான். எழுதி வச்சுக்கோங்க. அக்டோபர்ல அவன் பெர்த் சட்டை போட்டிருப்பான். பதிலுக்கு நமக்கு அவங்களோட ஒன்பதாவது பிக் வரும். கூடவே முழங்கால் ஆபரேஷன் பண்ணின அந்த நெட்டைத் தடுப்பாட்டக்காரரும் வருவாரு. இது நடக்கும்னு நான் சொல்லல. நடந்தாச்சு! கையெழுத்து மட்டும்தான் பாக்கி!"

கடைசி வரியில் மேசையை வேறு தட்டினேன்.

அண்ணா நிதானமாக எழுந்தார். "நடுவர் அவர்களே, தங்கச்சி கண்ணீரைக் காட்டுறா. நான் நாயைக் காட்டுறன்." போனில் ஒரு படத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். பெர்த் பையன் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். "போன மாசம் வாங்கினவன். வீட்டுக்குப் போறவன் நாய் வாங்குவானோ? என்ன விசர்க்கதை இது! அஞ்சு வருஷ ஒப்பந்தம் போடப் போறான், பாருங்கோ. போடாட்டி நான் ஃபுட்டி பார்க்கிறதை விட்டிட்டு நாளைக்கே ரக்பி பார்க்கத் தொடங்கிறன்!"

அக்கா தீர்ப்பு சொன்னார். "எங்க வீட்லயும் நாய் இருந்துச்சு. நாய விட்டுட்டு எங்கயும் போவ முடியாது லா. கிராம்பு கட்சி ஜெயிச்சிச்சு."

தோற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். பையன் போகக் கூடாது என்றுதானே நானும் நினைத்தேன்.

அக்டோபரில் அவன் போனான். பெர்த் அணிக்கு. பதிலுக்கு வந்தது ஒன்பதாவது பிக். கூடவே முழங்கால் ஆபரேஷன் செய்த நெட்டைத் தடுப்பாட்டக்காரர்.

ஆபீஸ் டீ ரூமில் போனைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் ஒருவர் காப்பியைக் கொட்டிக்கொண்டார். பையன் போனது வருத்தம், வீட்டுக்குப் போனான் என்பது சந்தோஷம், நான் சொன்னது சொன்னபடி நடந்தது என்பது தலைகால் புரியாத சந்தோஷம். உடனே அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ரக்பி எத்தனை மணிக்கு?"

"நாயையும் ப்ளேனில ஏத்திப் போட்டாங்கள் போல," என்றார் வெறுப்போடு. "வையும் போனை."

அதற்கடுத்த வாரம் மெல்பர்னில் யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை, நல்லெண்ணத்தோடுதான், என் பேச்சை மட்டும் வெட்டி எடுத்து, கீழே இங்கிலீஷ் வசனம் போட்டு, அணியின் ரசிகர்கள் சண்டை போடுகிற இணையக் களத்தில் ஏற்றிவிட்டது. 'ஆக்லாந்தில் இருக்கிற இந்தப் பெண்ணுக்கு எப்படி முன்னாடியே தெரியும்?' என்று தலைப்பு. அது பரவியது. எவ்வளவு பரவியது என்றால், டீ ரூமில் ரக்பியைத் தவிர வேறு எதுவும் பேசாதவர் ஒருவர் என்னிடம் வந்து குதிரைப் பந்தயத்துக்கு யோசனை கேட்டார். நான் தரையில் நடக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் இங்கே வருகிற லேபர் டே விடுமுறையின் சனிக்கிழமை காலை, அண்ணா வீட்டில் அடுத்த நிகழ்ச்சிக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சின்னவர் கூப்பிட்டார். அண்ணா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"சாப்பிட்டியோ?"

"அண்ணா, நீங்கள் அந்த வீடியோவில என்ன கதைச்சனீங்கள்?"

அண்ணா துணியைக் கீழே வைத்தார்.

"கிளப்பில தமிழ் ஆள் எண்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை. அந்த வீடியோவில கதைக்கிற பிள்ளையைத் தெரியுமோ எண்டு. அண்ணாவின்ர ஃப்ரெண்ட் எண்டு சொன்னன்."

"ஏன்டா சொன்னனி?"

"பின்ன பொய் சொல்லச் சொல்லுறீங்களோ? உள்ளுக்கிருந்து ஆரோ கதையை வெளியில விட்டிட்டினம் எண்டு நினைக்கினம். நேற்றிலயிருந்து என்ர கார்டு கதவைத் திறக்குதில்லை. விசாரிச்சு முடியுமட்டும் வரவேண்டாமாம். ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது அண்ணா. புதுசு தாறதோ எண்டு இனித்தான் பார்க்கப்போயினம்."

"உனக்கு அந்த ட்ரேட் முதலே தெரியுமோ?" அந்த வீட்டில் முதல் தடவையாகச் சட்டம் மீறப்பட்டது.

"எனக்கு டிவியில பார்த்துத்தான் தெரியும்! நான் வீடியோ வெட்டுற ஆள். என்னட்ட ஆர் வந்து சொல்லப்போயினம்?"

போன் வைக்கப்பட்ட பிறகு அண்ணா துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். அது எனக்குப் பயமாக இருந்தது.  என் காதில் என் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. நடந்தாச்சு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தமிழில் அது மேடைப் பேச்சு. பட்டிமன்றம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கு இங்கிலீஷில் அது செய்தி. நேரில் பார்த்தவர் சொல்கிற செய்தி.

அக்காதான் கேட்டார். "அவங்க முழு வீடியோவ பாத்தாங்களா?"

"தமிழ் தெரியாதே அக்கா. வெட்டின துண்டைத்தான் பார்த்திருப்பினம்," என்றார் அண்ணா.

அந்த நொடியில் எனக்குப் பளிச்சென்றது. "அண்ணா! சின்னவர் ரகசியத்தைச் சொல்லியிருந்தா யார்கிட்டச் சொல்லியிருப்பார்? உங்ககிட்ட! நீங்க என்ன பேசினீங்க?"

அண்ணா என்னைப் பார்த்தார்.

"நாய்!" என்றேன். "நாயைக் காட்டி, அவன் போகவே மாட்டான்னு பேசினீங்க! தம்பி உள்ளேயிருந்து சொல்லியிருந்தா அண்ணன் இப்படிப் பேசுவாரா?"

மத்தியானமே மனுகாவ் நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்துவிட்டோம். முழு நிகழ்ச்சியையும், முதல் வணக்கத்திலிருந்து அக்காவின் தீர்ப்பு வரை, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் எழுதுவது. நான் லேப்டாப்பில் அடிக்க, அண்ணா ஒரு காதில் இயர்போனோடு கேட்டுக் கேட்டுச் சொல்ல, அக்கா எதிரில் உட்கார்ந்து சரிபார்க்க. 'நடுவர் அவர்களே' என்ற இடத்திலேயே முதல் முட்டல். அதை அப்படியே மாற்றினால் கோர்ட்டு வழக்கு மாதிரி இருந்தது. பட்டிமன்றம் என்றால் என்ன, அதில் ஏன் எல்லோரும் இவ்வளவு உறுதியாகப் பேசுவார்கள் என்று முன்னால் ஒரு பத்தி சேர்த்தேன். ஏலக்காய், கிராம்புக்கு இன்னொரு பத்தி.

அண்ணாவின் பேச்சு வந்தது. அங்கேதான் உண்மையான சண்டை.

"தங்கச்சி, அந்த அஞ்சு வருஷம் எண்டதைச் 'சில வருஷம்' எண்டு போடுமன்."

"அண்ணா, அஞ்சுன்னுதான் சொன்னீங்க."

"ரக்பிக் கதை தேவையோ? அது சும்மா பகிடி. அவைக்கு விளங்காது."

"அதான் முக்கியமே!"

"நாயைப் பற்றி இவ்வளவு நேரமோ கதைச்சனான்? கொஞ்சம் சுருக்கலாமே."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இங்க பாருப்பா. நீ எவ்வளவுக்கு முட்டாளா தெரியிறியோ, அவ்வளவுக்கு உன் தம்பிக்கு நல்லது. ஒரு எழுத்துக்கூட கொறைக்காத."

பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு, "சரி, எழுதும். 'என்ன விசர்க்கதை' எண்டதையும் விடாதையும்," என்றார். ட்ரேட் விஷயத்தில் தான் சொன்னது தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர், தன் தப்பைச் சொல் சொல்லாக, கூட்டாமல் குறைக்காமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பாதியில் அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்னவர் அதைக் கிளப்புக்கு அனுப்பினார். திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். காலையில் அண்ணா வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. ஊழியர்களைக் கவனிக்கிற அம்மா ஒருவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர், நாங்கள் எழுதியதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில், விசாரணைக்கென்று வரச் சொல்லியிருந்த சின்னவர், பரீட்சை எழுத வந்த முகத்தோடு.

அந்த அம்மா முதலில் கேட்டது, இந்த ஏலக்காய் விஷயத்தை விளக்குங்கள் என்று. அக்கா எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டையும் கேமராவில் காட்டிவிட்டு, கைகளை மூடி நீட்டி, எந்தக் கை என்று கேட்டார். அந்த அம்மா ஒரு வினாடி யோசித்து, இடது என்றார். அக்கா திறந்தார். கிராம்பு. நீங்கள் வைத்துக்கொள்கிற கட்சி, இப்போது எழுந்து பேச வேண்டும் என்று அக்கா சொன்னதும் சின்னவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா பேனாவை எடுத்தார். ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். கட்சி சீட்டில் வந்தது சரி, ஆனால் ஒன்பதாவது பிக்கும் அந்தத் தடுப்பாட்டக்காரரும் எப்படி உனக்குத் தெரியும்?

எனக்கு இந்தக் கேள்வி என்றால் போதும். மூச்சு விடாமல் சொன்னேன். பெர்த்தில் இருப்பது இரண்டே அணி. ஒன்று தன் நல்ல பிக்கைப் போன வருஷமே கொடுத்துவிட்டது. இன்னொன்று அட்டவணையில் முடித்த இடத்தைப் பார்த்தால் அதற்கு ஒன்பதாவது. எங்கள் அணியில் பின்களத்தில் ஆளில்லை, அதனால் ஒரு தடுப்பாட்டக்காரரைக் கேட்போம். நல்ல நிலையில் இருக்கிறவரை யாரும் தர மாட்டார்கள், அதனால் அடிபட்டவரைத்தான் தருவார்கள். எல்லாம் ரேடியோவிலும் பத்திரிகையிலும் வந்ததுதான். நான் செய்தது கூட்டிப் பார்த்தது மட்டும்.

அது நடக்கும் என்று நம்பினாயா?

"இல்லை," என்றேன். "அவன் போகக் கூடாது என்று ஆசைப்பட்டேன்."

அண்ணாவைப் பார்த்தார். நீங்கள் சொன்னதை நீங்கள் நம்பினீர்களா?

"ஒவ்வொரு சொல்லையும்," என்றார் அண்ணா, இங்கிலீஷில், நெஞ்சில் கை வைத்து.

அந்த அம்மா காகிதத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். ரக்பி பார்க்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, மேடம்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மற்றவர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அழைப்பை முடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை. ஆபீஸில் ஒரே வரிசை எண்களை மூன்று தடவை கூட்டினேன், மூன்று விடை வந்தது. அக்கா வார்டிலிருந்து, 'ஏதாவது தெரிஞ்சிச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாவிடம் கேட்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.

புதன்கிழமை காலை ஒனிஹங்கா ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். அண்ணாவிடமிருந்து குரல் செய்தி. காதில் வைத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "தங்கச்சி, கதவு திறந்திட்டுதாம். உள்ளுக்க போய் இருந்துகொண்டுதான் எனக்குப் போன் எடுத்தவன். தன்ர கதிரையில இருக்கிறானாம்."   கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தோள்பட்டை இவ்வளவு நேரம் காதுவரை ஏறி நின்றிருக்கிறது என்பதே அது கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். பரவாயில்லை என்று திரும்பி நடந்தேன். மழை தூறியது. குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. வழியில், இங்கே டெய்ரி என்று சொல்கிற தெருமுனைக் கடை ஒன்றில் நுழைந்து, காலங்காத்தால ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தமும் வந்தது. அடுத்த வருஷத்துக்கும் அவர் அங்கேதான். அன்று அண்ணாவும் தம்பியும் போனில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாய், ரக்பி, அந்த அம்மா கிளப் முழுக்க ஏலக்காய்க் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவது, எல்லாம் பேசினார்கள். "நீங்கள் பிழையாச் சொன்னதுக்கு நன்றி அண்ணா," என்றார் சின்னவர். "இதை ஒருநாளைக்குத்தான் சொல்லலாம், சொல்லிக்கொள்," என்றார் அண்ணா.

கிளப் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. நாங்களாகத்தான் முடிவு செய்தோம். சின்னவர் அங்கே இருக்கிறவரை அந்த அணியைப் பற்றி மேசையில் பேசுவதில்லை. இதற்கு ஒத்துக்கொள்ள அண்ணாவுக்கு இரண்டு டம்ளர் தேநீர் தேவைப்பட்டது. "எங்கட அணியைப் பற்றிக் கதைக்காமல் நான் எப்பிடிச் சீவிக்கிறது?" என்றார். அக்கா, "மத்த அணிங்கள்லாம் எதுக்கு இருக்கு? அவங்களப் போட்டுத் திட்டு," என்றார். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது.

நிகழ்ச்சியின் அமைப்பையும் மாற்றுகிறோம். ஒருவர் முழுதாகப் பேசி முடிப்பது இனி இல்லை. இருவரும் ஒரே சட்டகத்தில் உட்கார்ந்து, ஒரு வாதத்துக்கு ஒரு பதில் என்று மாறி மாறி. ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தால் பாதி வாக்கியம்தான் மிஞ்ச வேண்டும். இங்கிலீஷ் வசனத்தை நாங்களே போட்டுவிடுவோம். அண்ணாவிடம் விசாரித்தபோது, மெல்பர்னில் அண்ணாவின் சொந்தக்காரர் வீடுகளில் தமிழ் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளைகளும் அதைத்தான் கேட்டிருந்தார்கள் என்று தெரியவந்தது.

இந்தச் சனிக்கிழமை முதல் முயற்சி. நவம்பர் டிராஃப்டில் கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் இருக்கிறது. இரண்டு பையன்களைச் சொல்கிறார்கள். ஒருவன் கம்பம் மாதிரி உயரம், எந்தப் பந்தையும் வானத்தில் பிடித்துவிடுவான். இன்னொருவன் குள்ளம், ஆனால் ஆட்டம் முழுக்க நிற்காமல் ஓடுவான். அந்த அணியில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் வேலை செய்யவில்லை. அண்ணா மூன்று நாடுகளுக்குப் போன் போட்டு அதை உறுதி செய்துகொண்டார். எந்தக் கட்சி வருமென்று தெரியாததால் இரண்டு பக்கத்துக்கும் தயார் செய்துகொண்டிருக்கிறேன், இரண்டு மொழியிலும். உயரமானவனுக்கு வேண்டிய அளவு வாதம் சேர்ந்துவிட்டது. ஓடுகிறவனுக்குத்தான் இன்னும் போதவில்லை. ஆபீஸில் லஞ்ச் முடிய இன்னும் நேரம் இருக்கிறது. அவனுடைய பள்ளி ஆட்டம் ஒன்று முழுதாகக் கிடைத்திருக்கிறது, அதன் கடைசிக் கால்பங்கை இப்போதே பார்த்துவிடப் போகிறேன்.